ஆண் மார்பின் கதை: வைத்தியமும் வெட்கமும்

தமிழ்ப் பத்திரிகைகளின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதிக்கு வந்துசேரும் கடிதங்களில் ஒரு வகைக் கடிதத்தை உறையைப் பிரித்ததுமே அடையாளங் கண்டுவிடலாம். பெயர் இராது. முகவரி இராது. பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோள் மாத்திரம் இரண்டு தடவை அடிக்கோடிடப்பட்டிருக்கும். எழுதியவர் பதினான்கு, பதினைந்து வயதுப் பையனாக இருப்பார். தமது மார்பு பெண்பிள்ளையின் மார்பைப் போலப் பருத்து வருகின்றது, இதனை எவரிடமும் சொல்ல முடியவில்லை, தாம் ஆண் தானா என்று கேட்டு எழுதியிருப்பார். ஆசிரிய பீடத்தில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் இத்தகைய கடிதங்கள் பலவற்றைப் படித்திருக்கின்றேன். இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்தும் வந்தன. பின்னாளில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மின்னஞ்சலாகவும் வந்தன. காகிதம் மாறிற்று, கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. மருத்துவ வரலாற்று நூல்களை ஓய்வு வேளைகளில் வாசிக்கும் பழக்கமுடைய எனக்கு, ஆண்களின் மார்புத் திசு பெருப்பதைப் பற்றிய வரலாறு ஏனைய நோய்களின் வரலாற்றிலிருந்து வேறுபட்ட ஒன்றாகவே தோன்றுகின்றது. பெரும்பாலான நோய்களில் வலி மனிதனை வைத்தியரிடம் இட்டுச் சென்றது. இங்கு இட்டுச் சென்றது வெட்கம்.

கலன் இட்ட பெயர்

இந்நிலைக்கு மருத்துவம் வழங்கும் பெயர் கைனக்கோமாஸ்ரியா. பெண் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லும் முலை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் இது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த பெர்கமன் நகரத்து மருத்துவர் கலன் இதனைக் கையாண்டார். ஆண்களின் மார்பில் கொழுப்பு இயல்புக்கு மாறாகப் பெருகுவதையே அவர் அப்பெயரால் குறித்தார். இன்றைய மருத்துவம் சுரப்பித் திசு பெருப்பதை மட்டுமே அப்பெயரால் அழைக்கின்றது. வெறும் கொழுப்பினால் மார்பு பருப்பதைப் போலி வகை எனத் தனியே பிரித்து வைக்கின்றது. பெயர் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் நிலைத்துவிட்டது. பொருள்தான் இடம் மாறியிருக்கின்றது.

கலனுக்கு ஐந்நூறு ஆண்டுகள் பின்னர், 7ஆம் நூற்றாண்டில், எஜினா தீவைச் சேர்ந்த போல் என்ற மருத்துவர் இதற்கான சத்திரசிகிச்சையை விபரித்தார். மார்பின் கீழ்ப்புறத்தில் பிறை வடிவில் வெட்ட வேண்டும். தோலை உயர்த்திக் கொழுப்பை அகற்ற வேண்டும். பின்னர் தைக்க வேண்டும். மார்பு தொங்கும் அளவுக்குப் பெருத்திருந்தால் இரண்டு பிறைகளை முனைகள் சந்திக்குமாறு வெட்டி, இடைப்பட்ட தோலையும் நீக்கிவிட வேண்டும். இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் வாசித்தாலும் அடிப்படை புரியாமற் போகாது.

என்னைச் சிந்திக்க வைத்தது வெட்டும் முறை அல்ல, வெட்டுவதற்கு அவர் கூறிய காரணம். இந்நிலை பெண்தன்மை என்ற பழிச்சொல்லைக் கொண்டுவருவதால் சத்திரசிகிச்சை செய்வது தகும் என்பதே அவரது கருத்து. உயிருக்கு ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சியே கத்தி எடுக்கப்பட்டது.

கிரேக்க மருத்துவத்தின் இந்த அறிவை அரபு மருத்துவர்கள் தமதாக்கிக் கொண்டார்கள். ஸ்பெயினின் கொர்தோவாவில், 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி தமது பெரும் மருத்துவத் தொகுப்பில் இச்சிகிச்சைக்கு இடமளித்தார். துருக்கியின் அமாசியா நகரில் செரபெத்தின் சபுஞ்சுஓலு 1465ஆம் ஆண்டு நிறைவு செய்த சத்திரசிகிச்சை நூலும் இந்த மரபிலேயே வருகின்றது. கிரேக்கம், அரபு, துருக்கி என மொழிகள் மாறினாலும் பிறை வடிவ வெட்டு மாறவில்லை. ஈதர் மயக்க மருந்து பொஸ்ரனில் பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டது 1846இல் தான் என்பதை நினைவிற் கொண்டால், அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அந்த வெட்டைத் தாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர்களின் வெட்கம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அரசனின் சிலை ஆதாரமாகுமா?

இந்த வரலாற்றைப் பேசுவோர் எகிப்திய அரசன் அகநாதனைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட அவனது சிலைகளில் மார்பு பருத்தும் இடுப்பு அகன்றும் காணப்படுகின்றது. அவனது மகன் துதன்காமனின் உருவங்கள் சிலவும் அவ்வாறே. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் பலர் இச்சிலைகளைப் பார்த்தே அரச குடும்பத்துக்குப் பரம்பரை நோய் இருந்ததென்று எழுதிவந்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2010இல் வெளியான மம்மிகள் பற்றிய ஆய்வு, அவ்விரு அரசரும் உண்மையில் பெண்மை சார்ந்த உடலமைப்புக் கொண்டிருந்திருப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது என்று முடித்தது. சிலை வடித்தவன் நோயாளியின் குறிப்பேட்டை எழுதவில்லை. அந்த ஆட்சியின் சமயமும் கலைமரபும் கேட்டதையே அவன் வடித்தான். அர்த்தநாரீசுவரர் திருவுருவத்தை வணங்கும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. அதன் ஒரு பாதி மார்பைக் கண்டு எந்தப் பக்தரும் அது நோயின் குறி என்று நினைத்ததில்லை.

ஆண் ஓமோன், பெண் ஓமோன் என்ற கற்பனை

காரணம் என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1929இல் ஈஸ்ரோஜன் வகை ஓமோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1935இல் ரெஸ்ரொஸ்ரெரோன் அடையாளங் காணப்பட்டது. ஒன்று பெண்ணுக்குரியது, மற்றையது ஆணுக்குரியது என்று அறிஞர் உலகம் பாகப்பிரிவினை செய்து வைத்தது. ஆயினும் அதற்கு இடையிலேயே, 1934இல், பேர்ண்ஹார்ட் சொண்டெக் ஒரு வேடிக்கையான உண்மையை வெளியிட்டிருந்தார். பெண் ஓமோன் எனப்பட்ட பொருள் மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று ஆண் குதிரையின் சிறுநீர்! வீரியத்தின் சின்னமாக உலகம் போற்றும் விலங்கு அது.

உண்மை இதுதான்: இரு ஓமோன்களும் இரு பாலாரிலும் உண்டு. ஆணின் உடலில் உள்ள ஈஸ்ரோஜனின் பெரும் பங்கு, அவனது ரெஸ்ரொஸ்ரெரோன் கொழுப்பு முதலிய திசுக்களில் அரோமற்றேஸ் என்ற நொதியத்தினால் மாற்றப்படுவதால் உண்டாவது. மார்புச் சுரப்பியை ஈஸ்ரோஜன் வளர்க்கின்றது, ரெஸ்ரொஸ்ரெரோன் தடுக்கின்றது. தராசு ஈஸ்ரோஜன் பக்கம் சற்றுச் சாய்ந்தால் ஆணின் மார்பிலும் சுரப்பி பெருக்கும்.

அந்தத் தராசு மூன்று பருவங்களில் இயல்பாகவே சாய்கின்றது. முதலாவது, பிறந்த சில நாட்கள். தாயின் ஓமோன் குழந்தையின் உடலில் தங்கியிருப்பதால் ஆண் குழந்தைகள், பெண் குழந்தைகள் இரு சாராரிலும் பலருக்கு மார்பு சற்று வீங்கியிருக்கும். சில வேளை பால் போன்ற துளியும் வரும். எமது கிராமங்களிலே பாட்டிமார் அதனைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. அது தேவையற்றது, கிருமி தொற்றிச் சீழ்க்கட்டி உண்டாகலாம் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றார்கள். இரண்டாவது, பூப்புப் பருவம். பையன்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது ஏற்படுகின்றது. பெரும்பாலானோரில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடுகின்றது. மூன்றாவது, ரெஸ்ரொஸ்ரெரோன் குறைந்து கொழுப்புக் கூடும் முதுமை. அந்தப் பெயரில்லாக் கடிதங்களை எழுதியவர்களுள் மிகப் பலர் இரண்டாவது பருவத்தைக் கடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான பிள்ளைகளே. வகுப்பிலே தமக்கு அருகில் அமர்ந்திருந்தவனுக்கும் அது இருந்திருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பொஸ்ரனில் ஒன்பது பேர்

1942இல் பொஸ்ரன் நகரின் மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் இளம் மருத்துவர் ஹரி கிளைன்பெல்ரர், புல்லர் ஓல்பிரைற் என்ற பெரும் அறிஞரின் வழிகாட்டலில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். மார்பு பருத்தும் விதைகள் சிறுத்தும் காணப்பட்ட ஒன்பது ஆண்களைப் பற்றிய கட்டுரை அது. இந்நிலை கிளைன்பெல்ரரின் பெயராலேயே இன்று அறியப்படுகின்றது. அதன் காரணம் அப்போது எவருக்கும் தெரியாது. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன என்பதே 1956இல் தான் உறுதியாயிற்று. 1959இல் எடின்பரோவில் பற்றீசியா ஜேக்கப்சும் ஜோன் ஸ்ரோங்கும் அத்தகைய ஆண் ஒருவரைச் சோதித்து, அவருக்கு மேலதிகமாக ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் இருப்பதைக் கண்டார்கள். பல நூறு ஆண் குழந்தைகளில் ஒன்று இவ்வாறு பிறக்கின்றது. பலர் தமக்கு அது இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கின்றார்கள். பிள்ளைப்பேறின்றி மனைவி மீது பழி சுமத்தப்படும் வீடுகள் சிலவற்றில் உண்மையான காரணம் கணவனின் இந்த நிறமூர்த்தமாக இருக்கலாம் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பட்டினியும் அதன் பின்னரும்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த பகுதி இரண்டாம் உலகப் போருடையது. ஜப்பானியரின் சிறை முகாம்களில் எலும்புந்தோலுமாய் இருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் பலருக்கு மார்பு பருத்தது. அவர்கள் பட்டினி கிடந்த உச்சக் காலத்தில் அல்ல. உணவு கிடைக்கத் தொடங்கிய பின்னர்! பிலிப்பைன்சில் கைதியாக இருந்த அமெரிக்க இராணுவ மருத்துவர் ஜேக்கப்ஸ் உட்படப் பலர் 1947, 1948ஆம் ஆண்டுகளில் இதனை மருத்துவச் சஞ்சிகைகளில் பதிவு செய்தார்கள்.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. கடும் பட்டினியில் மூளையடிச் சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகின்றது. ரெஸ்ரொஸ்ரெரோன் வீழ்கின்றது. உணவு கிடைத்ததும் அந்த இயந்திரம் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றது. அதாவது, முதிர்ந்த மனிதன் இரண்டாம் முறை பூப்படைகின்றான். அத்துடன், ஈஸ்ரோஜனைச் சிதைக்க வேண்டிய ஈரலும் பட்டினியால் பழுதுபட்டிருக்கின்றது. ஈரல் அரிப்பு நோயாளிகளுக்கும் நாட்பட்ட மதுப் பழக்கமுடையோருக்கும் மார்பு பருப்பதை இத்தாலிய மருத்துவர்கள் 1920களிலேயே கவனித்திருந்தார்கள்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டார்கள். நேச நாட்டுக் கைதிகளுடன் அவர்களது இராணுவ மருத்துவர்களும் சிறையிருந்தார்கள், குறிப்பெடுத்தார்கள், பின்னர் எழுதினார்கள். தமிழ்த் தொழிலாளருடன் அத்தகைய மருத்துவர்கள் இருக்கவில்லை. ஆகவே பட்டினி பற்றிய இந்த மருத்துவ அத்தியாயம் வெள்ளையரின் உடல்களைக் கொண்டே எழுதப்பட்டது.

1981-82இல் மற்றொரு சம்பவம். ஹெயிற்றியிலிருந்து படகுகளில் தப்பி அமெரிக்காவை அடைந்து, புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் தடுத்துவைக்கப்பட்ட ஆண்கள் பலருக்கு மார்பு பருத்தது. பட்டினிக்குப் பின்னர் கிடைத்த உணவே காரணம் என முதலில் கருதப்பட்டது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு சந்தேகத்தை எழுப்பியது: பேன் ஒழிப்பதற்காக முகாம்களில் விசிறப்பட்ட மருந்தில் இருந்த பெனோத்ரின் என்ற இரசாயனம் ஆண் ஓமோனின் செயலைத் தடுக்கக்கூடியது என்று அது சுட்டியது. முகாம் வாழ்க்கையை அறிந்த சமூகம் நாம். அகதியின் உடலில் என்ன விசிறப்படுகின்றது என்பதை அவனிடம் எவரும் கேட்பதில்லை.

மருந்தே காரணமான கதை

1938இல் இலண்டனில் சார்ள்ஸ் டொட்சும் அவரது கூட்டாளிகளும் ஸ்ரில்பெஸ்ற்ரோல் என்ற செயற்கை ஈஸ்ரோஜனை உருவாக்கினார்கள். 1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ், ஈஸ்ரோஜன் கொடுத்து முன்நிற்கும் சுரப்பிப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் எனக் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். நோயாளிகளின் ஆயுளோடு அவர்களது மார்பும் வளர்ந்தது. 1970களில் புவேர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆண் தொழிலாளருக்கு, பறந்த தூசியினாலேயே மார்பு பருத்தது.

வயிற்றுப் புண்ணுக்கான சிமெற்றிடின், இருதய நோய்க்கான ஸ்பைரோனோலக்ரோன், டிஜொக்சின், பங்கசு நோய்க்கான கீற்றோகொனசோல் எனப் பட்டியல் நீளும். 1999இல் வெளியான புகழ்பெற்ற இருதய ஆய்வொன்றில் ஸ்பைரோனோலக்ரோன் உட்கொண்ட ஆண்களில் 10 சதவீதமானோர் மார்புப் பெருக்கம் அல்லது வலி பற்றி முறையிட்டனர். போலி மாத்திரை பெற்றவர்களில் அது 1 சதவீதமே. அதே ஆய்வில் அம்மருந்து பல உயிர்களைக் காத்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. மனநோய்க்கு வழங்கப்படும் ரிஸ்பெரிடோன் பால்சுரப்பு ஓமோனைக் கூட்டுவதால் மார்பு பருத்ததென்று அமெரிக்க இளைஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2019இல் பிலடெல்பியா யூரிகள் எண்ணூறு கோடி டொலர் தண்ட நட்டஈடு விதித்தார்கள். 2020இல் நீதிபதி அதனை 68 இலட்சம் டொலராகக் குறைத்தார்.

இன்றைய இளைஞரைப் பொறுத்தவரை மிகக் கவலைக்குரியது உடற்பயிற்சிக் கூடங்களில் இரகசியமாகக் கைமாறும் ஸ்ரெரொயிட் ஊசிகள். மார்பை ஆண்மையின் கேடயமாக்க விரும்பிப் போடப்படும் ஆண் ஓமோன், உடலுக்குள் ஈஸ்ரோஜனாக மாறிச் சுரப்பியை வளர்க்கின்றது. எதற்கு அஞ்சினானோ அதனையே விலைகொடுத்து வாங்குகின்றான்.

இலங்கை வாசகர்கள் சிலருக்கு 2002ஆம் ஆண்டுச் செய்தியொன்று நினைவிருக்கலாம். எமது மலைநாட்டில், மனைவியை இழந்த தந்தையொருவர் தமது குழந்தைக்குத் தாமே பாலூட்டினார் என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. பலர் அதனைக் கேலிச் செய்தியாக வாசித்தார்கள். பால்சுரப்பு ஓமோன் மிகுந்தால் ஆணிலும் பால் சுரக்கலாம் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. 1799இல் வெனிசுவேலாவில் பயணஞ் செய்த ஹம்போல்ற் இத்தகைய தந்தை ஒருவரைப் பற்றி மதிப்புடனேயே எழுதிவைத்தார். பிள்ளையின் பசி தீர்த்த மார்பைப் பார்த்துச் சிரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

கத்திக்கு முன் கேள்வி

சிகிச்சையின் வரலாறு தழும்பை மறைக்கும் முயற்சியின் வரலாறுமாகும். 1946இல் நியூயோர்க்கின் ஜெரோம் வெப்ஸ்ரர், முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக வெட்டும் முறையைப் பரவச் செய்தார். பிறை அப்படியே இருந்தது. இடம் மட்டும் மாறிற்று. 1980களில் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் முறையும் சேர்ந்தது. திசு புதிதாக வளரும் ஆரம்ப மாதங்களில், வலியும் இருந்தால், ரமொக்சிபென் போன்ற மாத்திரையை நிபுணர்கள் சில வேளை கொடுப்பதுண்டு. ஓராண்டுக்கு மேல் நிலைத்துத் திசு நார்த்தன்மை அடைந்துவிட்டால் மாத்திரை பெரிதும் பயன்படாது, சத்திரசிகிச்சையே வழி.

ஆனால் அனைத்துக்கும் முன் கேட்கவேண்டியது, ஏன் பருத்தது என்ற கேள்வி. பையனாயின் பெரும்பாலும் பொறுத்திருப்பதே மருந்து. வளர்ந்தவராயின் என்ன மருந்து உட்கொள்கின்றார், ஈரல், தைரொயிட், சிறுநீரகம் எவ்வாறு உள்ளன, விதையில் கட்டி உண்டா எனப் பார்க்க வேண்டும். விதைப் புற்றுநோய் சில வேளை மார்பு பருப்பதன் மூலமே தன்னை முதலில் அறிவிக்கின்றது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆண். காம்பின் நேர் கீழே ரப்பர் வட்டு போல மென்மையாக இருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. ஒரு பக்கத்தில் மட்டும், காம்பிலிருந்து விலகி, கல்போல் இறுகியிருந்தாலோ, இரத்தக் கசிவோ தோல் உள்ளிழுப்போ இருந்தாலோ, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஆண்கள் பலர் இப்புற்றுநோய் முற்றிய நிலையிலேயே வருகின்றார்கள். தமக்கு அது வருமென்று அவர்கள் நினைப்பதில்லை, நினைத்தாலும் சொல்வதில்லை.

வாய்திறவாத மொழி

மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றிய மரபு எங்களுடையது. ஆணின் மார்பு வீரத்தின் இருப்பிடம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன், அங்கே ஒரு மென்மை தோன்றும்போது நிலைகுலைவதில் வியப்பில்லை. நல்லூர்க் கந்தன் ஆலயத்தில் ஆண்கள் மேலாடை களைந்தே உட்செல்ல வேண்டும். திருவிழாக் காலத்தில் ஊரே வீதியில் நிற்கும்போது தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்ட பையன்கள் இருக்கின்றார்கள். கீரிமலைக் கேணியில் இறங்காதவர்கள் இருக்கின்றார்கள். பக்திக் குறைவு என்று பெற்றோர் ஏசியிருப்பார்கள்.

எமது மொழிக்கு இதனைச் சொல்லும் வல்லமை இல்லாமலில்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் சத்திர வைத்திய நூல்களையும் தமிழில் வெளியிட்டவர் டொக்டர் சாமுவேல் கிறீன். மனித உடலின் அங்கம் ஒவ்வொன்றையும் தமிழிற் பெயர் சொல்லி மாணவர் அங்கே படித்தார்கள். முலை என்ற சொல் சங்கப் புலவர்களுக்குக் கூச்சம் தரவில்லை. எமது காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்குத் தந்தது. அச்சொல்லை அடித்துவிட்டு மார்பகம் என்று திருத்திய சிவப்புப் பேனாக்களை நான் நிறையவே பார்த்திருக்கின்றேன். சொல்லை மறைத்த இடத்தில் நோயும் மறைந்து கொள்கின்றது.

எஜினாவின் போல் பழிச்சொல்லை நீக்கவே கத்தியை எடுத்தார். அவருக்கு ஓமோன் தெரியாது, நிறமூர்த்தம் தெரியாது. அவரை நாம் குறை கூற இயலாது. எமக்கு இவை தெரியும். பதினான்கு வயதுப் பையனுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சத்திரசிகிச்சையன்று; 'தம்பி, எனக்கும் உன் வயதில் இருந்தது, போய்விட்டது' என்று சொல்லக்கூடிய ஒரு தகப்பனோ மாமனோ அண்ணனோ தான். ஐம்பது வயதுக்காரருக்குத் தேவைப்படுவது, சட்டையைக் கழற்றி வைத்தியரிடம் காட்டும் துணிவு. ஊரின் பழிச்சொல்லுக்கு வைத்தியம் செய்யும் பொறுப்பு சத்திரசிகிச்சை நிபுணர்களுடையதன்று. அது பேசுகின்றவர்களாகிய எங்களுடையது.